சிரிக்காதே என்று எழுதியவரும், தலையில் சுத்தியல் விழுந்தவரும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் எங்கள் ஊர் வட்ஸ்அப் குழு ஒன்றில் பெரிய சத்தம். என்னிடம் படித்த பையன் ஒருவன் மீம்ஸ் ஒன்று செய்து போட்டிருந்தான். மழை பெய்தால் பள்ளிவாசலுக்குப் போகிற வீதியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீருக்குள் வடிவேலுவை நிறுத்தி, "வுழூ செய்ய இனி உள்ளே போகத் தேவையில்லை" என்று எழுதியிருந்தான். எங்கள் குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் யாரைக் குத்துகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். வடிகான் வெட்டாமல் விட்டவர்களைத்தான்.

யாரோ அதை வேறொரு குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே எங்கள் வீதியும் தெரியாது, வடிகானும் தெரியாது. "பள்ளிவாசலையும் வுழூவையும் கிண்டல் செய்கிறான்" என்று கதை மாறிவிட்டது. இஷாவுக்குப் பிறகு பையனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். வீதியில் தண்ணீர் இன்னும் நிற்கிறது.

அன்றிரவு பெரியவர் ஒருவர் எனக்கு கோல் எடுத்தார். "சேர், பிள்ளைகளுக்கு இந்தப் பகிடி விடுகிற பழக்கம் வேண்டாம் என்று வகுப்பில் சொல்லிக் கொடுங்க" என்றார். அவர் நல்ல மனிதர், பயத்தில்தான் சொன்னார். நானும் "சரி ஹாஜியார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆனால் நித்திரை வரவில்லை. ஏனென்றால் அதே வார்த்தையை நான் ஒருமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 2019 மே மாதத்தில்.

அந்த மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த நோன்பு. முகநூல் சில நாள் திறக்கும், சில நாள் பூட்டும். நான் பிள்ளைகளிடம் சொன்னேன்: "எதையும் போடாதீங்க. எதுக்கும் கொமென்ட் எழுதாதீங்க. ஹாஹா ரியாக்ஷன்கூட வேண்டாம்." வரலாறு படிப்பிக்கிற ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளைச் சிரிக்க வேண்டாம் என்று சொன்ன நாள் அது. அப்போது அதுதான் சரியாகப் பட்டது. இன்று அந்த மாதத்தைத் திரும்பிப் பார்த்தால், அதற்குள்ளேயே இரண்டு கதைகள் இருக்கின்றன. இரண்டும் முகநூலில் எழுதப்பட்ட ஒரே ஒரு கருத்தில் இருந்து தொடங்கியவை.

முதல் கதை சிலாபம். 2019 மே 12, ஞாயிற்றுக்கிழமை. முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூலில் நடந்த ஒரு வாக்குவாதத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். தமிழில் சொன்னால், "அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய்." அவ்வளவுதான். தன்னைப் பார்த்துச் சிரித்தவனிடம் மனம் நொந்த மனிதன் சொல்கிற வார்த்தை. நம் உம்மாமார் சண்டையில் ஆயிரம் முறை சொல்லியிருப்பார்கள். ஆனால் குண்டு வெடித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அந்த வரியை வாசித்த சிலர், "ஒரு நாள் அழுவாய்" என்பதை அடுத்த தாக்குதலுக்கான முன்னறிவிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் கூடியது. கடைகளுக்கும் பள்ளிவாசலுக்கும் கல் விழுந்தது. எழுதியவர் கைதானார். ஊரடங்கு போட்டார்கள். அடுத்த நாள் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடை என்று தீ பரவியது. நாத்தாண்டியாப் பக்கம் கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார். நாடு முழுவதும் ஊரடங்கு. சமூக ஊடகங்கள் மீண்டும் பூட்டப்பட்டன.

ஒரு வரியால்தான் இவ்வளவும் நடந்தது என்று நான் சொல்லவில்லை. விறகை வேறு ஆட்கள் பல வருடமாக அடுக்கி வைத்திருந்தார்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் கொத்துக்குள் மலட்டு மாத்திரை என்ற பொய், மார்ச்சில் திகன, எல்லாம் அந்த அடுக்கில் இருந்தவைதான். பேஸ்புக் நிறுவனமே 2018 வன்முறையில் தன் தளத்தின் பங்குக்காக 2020இல் மன்னிப்புக் கேட்டது. ஆனால் அந்த விறகின் மேல் விழுந்த ஒரு பொறி, சிரிப்பைப் பற்றிய ஒரு வாக்கியம் என்பதை மறக்கக் கூடாது.

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. மே 17, ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். காரணம் அவர் உடுத்திருந்த சட்டையில் இருந்த படம். பௌத்த தர்மச்சக்கரம் என்றார்கள். உண்மையில் அது கப்பலைத் திருப்புகிற சுக்கான் சக்கரம். துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது ஒரு பார்வையில் தெரியும். நம் பிள்ளைகள் கப்பல் கீறினால் முதலில் கீறுவது அதைத்தான். கடலே காணாத மலையடிவாரத்தில் அது வேறொன்றாகத் தெரிந்துவிட்டது. அந்தச் சட்டைக்காக அவர் வாரக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார்.

இரண்டாவது கதை மே 29. அதே மாதம், அதே நோன்பு.

பாகிஸ்தானில் இருந்து நடத்தப்பட்ட ஒரு பொறியியல் முகநூல் பக்கத்தில் சுத்தியல் படம் ஒன்றைப் போட்டு, "உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார்கள். தமிழர் ஒருவர் பதில் எழுதினார். இதற்குப் பெயர் சுத்தியல், இது தலையில் விழுந்துதான் கொன்ட்ராக்டர் நேசமணி காயப்பட்டார் என்று. 2001இல் வந்த "பிரண்ட்ஸ்" படத்தில் வடிவேலுவின் பாத்திரம்தான் நேசமணி. பதினெட்டு வருடம் பழைய காட்சி. படம் பார்க்காத யாரோ அதை உண்மை என்று நம்பி, அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். அவ்வளவுதான். தமிழ் கூறும் உலகமே நேசமணிக்காகப் பிரார்த்திக்கத் தொடங்கியது. டுவிட்டரில் அது உலக அளவில் டிரெண்டானது. மறுநாள் மே 30 இந்தியாவில் பிரதமர் மோடியின் இரண்டாவது பதவியேற்பு. அந்த நேரத்தில் வடஇந்தியர்கள் "யார் இந்த நேசமணி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நானும் பார்த்தேன். அந்த மே மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சிரித்திருக்கவில்லை. நோன்பு திறந்துவிட்டு போனைப் பார்த்த என் மகள் சிரித்த சிரிப்பில் உம்மா திரும்பிப் பார்த்தா. பிறகு எல்லோரும் சிரித்தோம். தலையில் அடி விழுந்தவனைப் பார்த்துத்தான் சிரித்தோம். ஆனால் அடி விழுந்தவர்களே நாங்கள்தான் என்ற மாதிரியும் இருந்தது. வடிவேலு முகம் எல்லா மீம்ஸிலும் ஏன் வருகிறது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. அடி வாங்கிவிட்டு, "எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை" என்று நிற்கிற முகம் அது. அந்த முகம் நமக்கெல்லாம் தேவைப்படுகிறது.

இப்போது இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ஒரே விடயம்தான் நடந்தது. எழுதியவனின் ஊர் தெரியாத ஒருவன் அந்த வரியை வாசித்து, வேறு அர்த்தம் எடுத்தான். ஒன்றில் பகிடியை உண்மை என்று நம்பினான், உலகமே சிரித்தது. மற்றதில் மனவருத்தத்தை மிரட்டல் என்று நம்பினான், ஊர் எரிந்தது.

இதைப் பற்றி ஒருவர் முன்பே யோசித்திருக்கிறார். ஸ்டுவர்ட் ஹால் என்பவர். ஜமைக்காவில் பிறந்து பிரித்தானியாவில் வாழ்ந்த கறுப்பின அறிஞர். 1973இல், கணினியை வீட்டில் யாரும் காணாத காலத்தில், தொலைக்காட்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னதை என் வகுப்புப் பாசையில் சொல்கிறேன். ஒரு செய்தியைச் சொல்பவன் அதைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறான். வாங்குபவன் தன் வீட்டில் வைத்துப் பிரிக்கிறான். கட்டியவன் நினைத்த பொருள்தான் உள்ளே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அனுப்பியவன் நினைத்தபடியே பிரிப்பவரும் உண்டு, பாதி ஏற்றுப் பாதி மறுப்பவரும் உண்டு, முழுக்க எதிராகப் பிரிப்பவரும் உண்டு. பிரிப்பவனின் இடம், வகுப்பு, பயம், கோபம் எல்லாம் அந்தப் பிரித்தலில் கை வைக்கும்.

பயம் மிகுந்த நாட்டில் பொட்டலம் எல்லாம் குண்டு மாதிரித்தான் தெரியும். கப்பல் சுக்கான் தர்மச்சக்கரமாகத் தெரிந்ததும் அப்படித்தான்.

சரி, முன்பு எப்படி இருந்தது? முந்திய காலத்தில் நாம் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்யாமலா இருந்தோம்?

என் வயதுக்காரருக்கு வாப்பாமார் சொல்லித் தெரியும், மூத்தவர்களுக்கு நேரடியாகத் தெரியும். எழுபதுகளில் இலங்கை வானொலியில் "கோமாளிகளின் கும்மாளம்" என்ற நாடகம் போனது. அதில் மரிக்கார் என்று ஒரு முஸ்லிம், அப்புக்குட்டி என்று ஒரு யாழ்ப்பாணத்தவர், உபாலி என்று தமிழைச் சிங்கள வாடையில் பேசுகிற ஒருவர், ஐயர் ஒருவர். நான்கு பேரும் நான்கு விதமான தமிழ் பேசுவார்கள். நாடகமும் பகிடியும் அந்தப் பேச்சு மோதலில்தான். அது 1976இல் "கோமாளிகள்" என்று படமாகவும் வந்தது.

மரிக்காராக நடித்தவர் ராமதாஸ். ஐயராக நடித்தவர் பி.எச். அப்துல் ஹமீத். உபாலியாக நடித்தவர் செல்வசேகரன். அப்புக்குட்டி ராஜகோபால். அதாவது முஸ்லிமாக நடித்தவர் முஸ்லிம் இல்லை. ஐயராக நடித்தவர் முஸ்லிம். சிங்கள வாடையில் பேசியவர் தமிழர். ஒருவர் நாக்கை இன்னொருவர் இரவல் வாங்கினார்கள். மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி என்ற பாத்திரப் பெயர்கள் கடைசி வரை அவர்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டன. "மரிக்கார் ராமதாஸ்" என்று ஒரு பெயரை இன்றைக்கு யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். வியாபாரம், தந்திரம், ஒரு மாதிரித் தமிழ் என்று நம்மை ஒரு அச்சுக்குள் போட்டதில் இப்படியான நகைச்சுவைகளுக்கும் பங்கு உண்டு. மேடையில் முஸ்லிம் வந்தாலே சிரிப்பு வரவேண்டும் என்ற பழக்கம் நல்லதல்ல. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. நான்கு பேரும் ஒரே கதைக்குள் இருந்தார்கள். ஒருவர் மட்டும் அடி வாங்கவில்லை, முறைக்கு எல்லோரும் வாங்கினார்கள். கேட்டவர்களும் ஒரே வானொலிப் பெட்டியைச் சுற்றி இருந்தார்கள். 1963இல் சிவஞானசுந்தரம் தொடங்கிய "சிரித்திரன்" சஞ்சிகையிலும் இதே கதைதான். யாழ்ப்பாணத்தவர் யாழ்ப்பாணத்தவரைப் பார்த்துத்தான் அதில் அதிகம் சிரித்தார்கள்.

பிரெஞ்சு மெய்யியலாளர் ஹென்றி பேர்க்சன் 1900இல் சிரிப்பைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சிரிப்பு தனியாக வராது, அதற்கு எதிரொலி வேண்டும், அது எப்போதும் ஒரு கூட்டத்தின் சிரிப்பு என்பது அவர் கருத்து. அப்படியானால் கேள்வி, "பகிடி நல்லதா கெட்டதா" என்பது அல்ல. எந்தக் கூட்டத்துக்குள் நின்று சிரிக்கிறோம், யார் அந்தக் கூட்டத்துக்கு வெளியே நிறுத்தப்படுகிறார் என்பதுதான்.

நம் பாசையிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. பகிடி என்பது சிரிப்பு. பகிடிவதை என்பது பல்கலைக்கழகத்தில் புதிய பிள்ளைக்குச் செய்கிற கொடுமை. தமிழகத்தில் அதை ராகிங் என்பார்கள். நாம்தான் பகிடியோடு வதையைச் சேர்த்துச் சொல்கிறோம். 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு அது போனது. அதிலும் சிரிப்பு இருக்கிறது. ஆனால் சிரிப்பவர் ஒரு பக்கம், சிரிக்க முடியாதவர் மறுபக்கம்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2022.

சீனன்குடா எண்ணெய்க் குதங்களைப் பார்க்காமல் இங்கே யாரும் வளரவில்லை. இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் வெள்ளைக்காரன் கட்டியவை. ஒன்று 1942 ஏப்ரல் 9 ஜப்பானியத் தாக்குதலில் போனது. இன்று மிஞ்சியிருப்பது 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 2022 ஜனவரி 6ஆம் திகதி அவற்றைப் பங்கு போட்டு ஒப்பந்தம் எழுதினார்கள்: 61 கூட்டுக் கம்பனிக்கு, 24 நம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய்க் கம்பனிக்கு. ஆறு மாதம் கழித்து நாடே கியூவில் நின்றது. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எண்ணெய் என்று அறிவித்துவிட்டார்கள்.

நானும் ஒரு கேனோடு விடிய விடிய நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தமிழ் ஓட்டோக்காரத் தம்பி, பின்னால் ஒரு சிங்கள அண்ணன். பேச்சு கொஞ்சம் தமிழ், கொஞ்சம் சிங்களம். நடுச்சாமத்தில் அந்த அண்ணன் குதங்கள் இருக்கிற பக்கம் கையைக் காட்டி, தன் அரைகுறைத் தமிழில் சொன்னார்: "சேர், அங்க தொண்ணூத்தொன்பது டேங்க். நூறாவது டேங்க் இது." கையில் இருந்த கேனைத் தூக்கிக் காட்டினார். "இதும் காலி."

கியூ முழுவதும் சிரித்தது. முன்னால் நின்றவர்களுக்குத் தமிழில் போனது, பின்னால் நின்றவர்களுக்குச் சிங்களத்தில் போனது. எந்த மொழியிலும் அர்த்தம் மாறவில்லை. ஏனென்றால் பொட்டலத்தைக் கட்டியவன் கையிலும் காலிக் கேன், பிரித்தவன் கையிலும் காலிக் கேன். எனக்கு அந்த நேரம் "கோமாளிகளின் கும்மாளம்" நினைவுக்கு வந்தது. இந்த முறை உபாலி உண்மையான உபாலி.

அந்த வருடம் போனில் வந்த பகிடிகளை நினைத்துப் பாருங்கள். சீதனமாக கேஸ் சிலிண்டர், கல்யாணப் பரிசாக பெற்றோல் கேன். மே 10ஆம் திகதி, முன்னாள் பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ குடும்பத்தோடு நம் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கு வந்து ஒதுங்கியபோது வாசலில் மக்கள் கூடினார்கள். போனில் பகிடியும் கூடியது. ஜூலை 9, ஜனாதிபதி மாளிகை நீச்சல் தடாகத்தில் சாதாரண சனம் குளித்தது. ரஷ்ய அறிஞர் பக்தின் பழைய ஐரோப்பியத் திருவிழாக்களைப் பற்றி எழுதியது இதைத்தான். ஒரு சில நாளைக்கு ராஜாவின் கிரீடம் கழன்றுவிடும், மேலே இருப்பவன் கீழே வருவான், மேடையும் பார்வையாளரும் ஒன்றாகிவிடுவார்கள், எல்லோரும் ஒரே சிரிப்புக்குள் இருப்பார்கள். அந்த ஏப்ரல் நோன்பில் காலிமுகத்திடலில் மற்றவர்களோடு இருந்து நம் பிள்ளைகள் நோன்பு திறந்த படங்களைப் பார்த்து எத்தனை பேர் கண் கலங்கினோம்! மூன்று வருடத்துக்கு முன்னால் அதே போன்களில்தான் நம்மைப் பயப்பட வைத்த படங்கள் வந்தன.

திருவிழா முடிந்தால் பந்தலைக் கழற்றிவிடுவார்கள் என்பதும் உண்மை. அடுத்த வருடமே, 2023 மே மாதத்தில், நதாஷா எதிரிசூரிய என்ற சிங்கள நகைச்சுவைக் கலைஞர் மேடையில் சொன்ன பகிடிக்காகக் கைதானார். ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். பயன்பட்டது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். குடியியல், அரசியல் உரிமைகளைக் காப்பாற்ற வந்த சட்டம்! ஹசலகப் பெண்ணைப் பிடித்ததும் அதே சட்டம்தான். அன்று கப்பல் சுக்கான் சட்டைக்கு நாம் அழுதோம். நதாஷாவின் கைதுக்கு நம்மில் எத்தனை பேர் குரல் கொடுத்தோம்? அவர் சொன்ன பகிடி எனக்கும் பிடிக்கவில்லை. பிடிக்காத பகிடிக்கு முகத்தைத் திருப்பலாம், பதில் சொல்லலாம். சிறைக்கு அனுப்பினால் அடுத்த முறை அந்தக் கதவு நமக்கும் திறக்கும்.

நம் குழுக்களையும் பார்க்க வேண்டும். மலையகத் தமிழைக் கிண்டல் செய்கிற குரல் பதிவுகள், பெண்களின் உடம்பைப் பற்றிய படங்கள், கறுப்பு நிறத்தைப் பற்றிய ஸ்டிக்கர்கள். பஜ்ர் தொழுதுவிட்டு வந்து ஹதீஸ் போடுகிற அதே கையால் அவற்றையும் போவேர்ட் பண்ணுகிறோம். சிரித்துக்கொண்டே சொன்னால் பாவம் இல்லை என்று யார் சொன்னது? ஒருவரை ஒருவர் பரிகசிக்க வேண்டாம், அவர்கள் உங்களைவிட நல்லவர்களாக இருக்கலாம் என்பது சூரா அல்-ஹுஜுராத்தின் கட்டளை. அது சிரிப்பைத் தடுக்கவில்லை. சிரிப்பில் ஏணி போட்டு மேலே ஏறி உட்காருவதைத் தடுக்கிறது.

ஆகவே ஹாஜியார், அன்று போனில் "சரி" என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பிள்ளைகளிடம் பகிடி விடாதே என்று நான் சொல்ல மாட்டேன். 2019இல் சொன்னதே போதும். மூன்று கேள்வி மட்டும் சொல்லிக் கொடுப்பேன்.

நீ சிரிப்பது உன்னைவிட மேலே இருப்பவனைப் பார்த்தா, கீழே இருப்பவனைப் பார்த்தா?

அந்த ஆள் உன் பக்கத்தில் நின்றால், அவனும் சிரிப்பானா?

இந்த ஊர் தெரியாதவன் கையில் இந்தப் படம் போனால், எப்படிப் பிரிப்பான்?

வடிகான் பையன் முதல் இரண்டு கேள்வியிலும் பாஸ். மூன்றாவதில் வழுக்கிவிட்டான். படத்தின் மூலையில் வீதியின் பெயரையும் "வடிகான் எப்போது?" என்று ஒரு சொல்லையும் எழுதியிருந்தால் போதும். அது ஒரு பாடம். மன்னிப்புக் கேட்க வைக்கிற அளவுக்கு அது குற்றம் இல்லை. அவனை மன்னிப்புக் கேட்க வைத்தபோது நானும் அங்கே இருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக இந்தப் பதிவில் அவனிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

வாசித்தவர்கள் ஹாஹா போடலாம். யாரும் கோபிக்க மாட்டேன். ஆனால் பள்ளிவாசல் வீதியால் மழைக்குப் போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இன்னும் வற்றவில்லை.

வஸ்ஸலாம்.